வரம்புக்குள் உச்சம் தேடிய மகலனோபிஸ்

பெங்களூரு மைசூரு சாலையின் 8-வது மைலில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் மையம் இயங்கி வருகிறது. அந்நிறுவனத்தை 1931-இல் கொல்கத்தாவில் தோற்றுவித்தவர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ். குறைந்த வளத்தில் நிறைந்த பயன் பெறும் வழியைக் கணிதத்தில் தேடியவர் அவர்.

1893 ஜூன் 29 அன்று கொல்கத்தாவில் பிறந்த மகலனோபிஸ், கேம்பிரிட்ஜில் இயற்பியல் பயின்றார். தாயகம் திரும்பும் வேளையில் கிடைத்த பயோமெட்ரிகா ஆய்விதழ் அவரைப் புள்ளியியலின்பால் ஈர்த்தது.

1937-இல் வங்காளத்தின் சணல் பரப்பை மதிப்பிடும் பணியைத் தொடங்கினார். எல்லா வயல்களையும் அளக்கப் பணமும் ஆளும் போதா. மாதிரி நிலத்துண்டுகளைக் கூட்டினால் செலவு பெருகும். குறைத்தால் பிழை பெருகும். இரண்டையும் சமன்பாடுகளாக்கி, குறித்த செலவுக்குள் பிழை மிகக் குறையும் அளவைக் கண்டறிந்தார். 1945-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. 1950-இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வும் அவரது முயற்சியின் விளைவே.

இதனிடையே 1947-இல் அமெரிக்காவின் ஜார்ஜ் டான்ட்சிக், பல வரம்புகளுக்கு உட்பட்ட நேரியல் கோவையின் பெரும, சிறும மதிப்புகளைக் காணும் சிம்ப்ளெக்ஸ் முறையை வகுத்தார்.

இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்காக மகலனோபிஸ் அமைத்த மாதிரியும் நேரியல் சமன்பாடுகளால் ஆனதே. முதலீடு 5,600 கோடி ரூபாய். இலக்கு, ஆண்டுக்கு 5 விழுக்காடு வருமான வளர்ச்சியும் 1.1 கோடி வேலைவாய்ப்புகளும். மொத்த முதலீட்டில் மூன்றில் ஒரு பங்கை மூலதனப் பொருள் தொழில்களுக்கு முன்னரே ஒதுக்கினார். எஞ்சிய மூன்று துறைகளின் பங்குகளைக் காண மூன்று சமன்பாடுகள் இருந்தன. விடை ஒன்றே, பலவற்றுள் சிறந்ததைத் தெரிவு செய்ய அங்கு இடமில்லை. அந்நியச் செலாவணி என்னும் வரம்பும் அக்கணக்கில் இடம்பெறவில்லை. இறக்குமதி பெருகி, 1957-இல் செலாவணி நெருக்கடி முற்றியது. அரசு திட்டச் செலவுகளைக் குறைக்க நேர்ந்தது. விடுபட்ட ஒரு வரம்பு விடையையே மாற்றிவிடும் என்பதற்கு அத்திட்டம் சான்றாயிற்று.

ஆயினும் நாட்டின் திட்டமிடலை எண்களின் அடிப்படையில் நிறுத்திய பெருமை அவருக்கு உண்டு. 1962-இல் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதனின் தலைமையில், அவரது நிறுவனம் பெங்களூருவில் ஆவணவியல் ஆய்வு, பயிற்சி மையத்தை அமைத்தது.

தமது 79-வது பிறந்தநாளுக்கு முந்தைய தினமான 1972 ஜூன் 28 அன்று மகலனோபிஸ் காலமானார். அவரது பிறந்தநாள் 2007 முதல் தேசியப் புள்ளியியல் தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.