வட்டத்தின் வழியே எண்ணைத் தேடியவர்

சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வருவோர் அருவிகளை அறிவர்; திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சியையும் அறிவர். அருகிலுள்ள வல்லம் கிராமம் உலகக் கணிதத்துக்கு ஒரு மேதையைத் தந்தது என்பதைச் சிலரே அறிவர். அவர் எஸ்.எஸ். பிள்ளை எனப்படும் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை.

1901 ஏப்ரல் 5-ஆம் தேதி பிறந்த அவர், ஒரு வயதில் தாயை இழந்தார். இலஞ்சியிலும் செங்கோட்டையிலும் பயின்றார். பள்ளி இறுதியாண்டில் தந்தையும் மறைந்தார். அத்துடன் நின்றிருக்க வேண்டிய படிப்பு, சாஸ்திரியார் என்ற ஆசிரியரின் உதவியால் தொடர்ந்தது. நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் கல்லூரிக் கல்வியை முடித்து, 1927-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவரானார். 1929 முதல் 1941 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார்.

அங்கு அவர் எடுத்துக்கொண்டது 1770-இல் இங்கிலாந்தின் எட்வர்ட் வாரிங் எழுப்பிய புதிர். எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுதலாம். கனங்கள் என்றால் ஒன்பது போதும். அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு அடுக்குக்கும் எத்தனை போதும் என்பதே கேள்வி.

இதற்கு விடை தேட உதவிய கருவி ஒரு வட்டம். 1918-இல் ஹார்டியும் நம் ராமானுஜனும் வெளியிட்ட ஆய்வில் முளைவிட்ட அம்முறையை ஹார்டியும் லிட்டில்வுட்டும் வளர்த்தெடுத்தனர். வட்டத்தின் பரிதியைச் சிறு சிறு விற்களாகப் பிரித்து, ஒவ்வொரு வில்லும் விடைக்கு எவ்வளவு பங்களிக்கிறது என்று அளக்கும் முறை அது. ஆனால், மிகப் பெரிய எண்களுக்கே அது பயன்பட்டது. ரஷியாவின் வினோகிராதோவ் அதைக் கூர்மைப்படுத்திய பின், எஞ்சியிருந்த இடைவெளியை அடைத்து முழு விடை கண்டவர்களுள் ஒருவர் பிள்ளை. அதே காலத்தில் அமெரிக்காவின் டிக்சனும் தனித்து இவ்விடையை எட்டினார்.

எனினும், ஆறாம் அடுக்கு பிடிபடாமல் இருந்தது. 1940-இல் பிள்ளை அதற்கும் விடை கண்டார்: 73. அதற்குக் குறைந்தால் போதாது என்பதை 703 என்ற எண்ணே காட்டிவிடும். மூன்றின் ஆறாம் அடுக்கு 729. எனவே 703-ஐ 64-களாலும் ஒன்றுகளாலும் மட்டுமே கட்ட முடியும். பத்து 64-களும் அறுபத்து மூன்று ஒன்றுகளும் சேர்ந்தால் 73. எல்லா எண்களுக்கும் 73 போதும் என்று நிறுவுவதுதான் கடினம். அதையே அவர் செய்தார். ஐந்தாம் அடுக்குக்கு 1964 வரையும், நான்காம் அடுக்குக்கு 1986 வரையும் உலகம் காத்திருக்க நேர்ந்தது என்பதிலிருந்து இப்பணியின் அருமையை உணரலாம்.

பின்னர் திருவிதாங்கூர், கல்கத்தா, சென்னைப் பல்கலைக்கழகங்களில் பணியாற்றிய அவருக்கு, 1950-இல் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. ஹார்வர்டில் நடைபெறவிருந்த உலகக் கணித மாநாட்டுக்குச் சென்னைப் பல்கலைக்கழகப் பேராளராகவும் புறப்பட்டார். ஆகஸ்ட் 31-ஆம் தேதி, கெய்ரோ அருகே விமானம் நொறுங்கி விழுந்தது. பயணம் செய்த 55 பேரும் மாண்டனர். பிள்ளைக்கு வயது 49.

ராமானுஜனைக் கொண்டாடும் நாம், அவர் தொடக்கிய வழியில் வெகுதூரம் நடந்த பிள்ளையையும் நினைவில் கொள்ள வேண்டும். தந்தையை இழந்த ஒரு மாணவனை ஓர் ஆசிரியர் கைவிடாததன் விளைவே இந்த வாழ்க்கை. தென்காசி வட்டாரப் பள்ளிகளில் ஏப்ரல் 5-ஆம் நாள் அவர் பெயரால் ஒரு கணித வகுப்பு நடக்குமானால், மாணவருக்கு மட்டுமன்றி அந்த ஆசிரியருக்கும் நாம் செலுத்தும் நன்றியாக அது அமையும்.