மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் முத்துலட்சுமி பிறந்தார். தந்தை நாராயணசாமி, மகாராஜா கல்லூரியில் பணியாற்றிய கல்வியாளர். தாயார் சந்திரம்மாள். பெண்கள் பள்ளிக்குச் செல்வதே அரிதாக இருந்த காலம் அது. முத்துலட்சுமியோ கல்லூரிக்கும் செல்ல விரும்பினார். ஆண்கள் மட்டுமே பயின்ற கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதைப் பலர் எதிர்த்தனர். புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இசைவளித்ததால் அவருக்குக் கல்லூரியின் கதவு திறந்தது.

1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முத்துலட்சுமி, 1912இல் தங்கப்பதக்கத்துடன் பட்டம் பெற்றார். எழும்பூர் மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையில் மருத்துவராகப் பணியாற்றினார். 1914இல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

1923ஆம் ஆண்டு அவர் வாழ்வில் பெருந்துயர் நேர்ந்தது. அவருடைய தங்கை நோய்வாய்ப்பட்டார். முதலில் அது சீதபேதி எனக் கருதப்பட்டது. உண்மையில் அது மலக்குடலில் தோன்றிய புற்றுநோய். நோயின் உண்மை தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது. தமக்கை மருத்துவராக இருந்தும் தங்கையைக் காப்பாற்ற முடியவில்லை. புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்னும் எண்ணம் அன்று அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

1925இல் மேற்படிப்புக்காக லண்டன் சென்ற அவர், அங்கிருந்த புற்றுநோய் மருத்துவமனையில் நோயைக் கண்டறியும் முறைகளைக் கற்றார். தாயகம் திரும்பியபின் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இடம்பெற்ற முதல் பெண்மணி என்னும் பெருமை பெற்றார். அம்மன்றத்தின் துணைத் தலைவராகவும் விளங்கினார். தேவதாசி முறையை ஒழிக்கவும் குழந்தை மணத்தைத் தடுக்கவும் அயராது உழைத்தார். காந்தியடிகள் சிறைப்பட்டபோது, 1930இல், பதவியைத் துறந்தார். ஆதரவற்ற பெண்களுக்காக ஔவை இல்லத்தை நிறுவினார்.

இத்தனைப் பணிகளுக்கிடையிலும் தங்கையின் நினைவு அவரை விட்டு அகலவில்லை. 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், புற்றுநோய் மருத்துவமனை அமைக்கும் தம் விருப்பத்தை வெளியிட்டார். புற்றுநோய் வந்தால் சாவுதான் என்று மக்கள் நம்பிய காலமாதலால், உதவ முன்வந்தோர் சிலரே. அவர் மனந்தளரவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் வழியாக நிதி திரட்டினார். 1952இல் பிரதமர் ஜவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளுடன் தொடங்கியது. அவருடைய மகன் மருத்துவர் கிருஷ்ணமூர்த்தியும், மருத்துவர் சாந்தாவும் அதனைத் தம் வாழ்நாள் பணியாக ஏற்றனர். தங்கையை இழந்து 31 ஆண்டுகளுக்குப் பின் எண்ணம் ஈடேறியது.

காலம் கடந்து கண்டறிவதால் என்ன தீங்கு? புற்றுக்கட்டி முதலில் மிகச் சிறியதாக இருக்கும். அருகிலுள்ள திசுக்களிலிருந்தே அதற்கு உணவும் உயிர்வளியும் கிடைக்கும். ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வளர அவை போதா. அப்போது கட்டி சில வேதிப்பொருள்களை வெளிவிட்டு, புதிய இரத்தக்குழாய்களைத் தன்பால் வளரச் செய்கிறது. வாய்க்கால் வெட்டி ஆற்று நீரைத் தன் வயலுக்குத் திருப்புவது போன்றது இது. புற்றணுக்கள் அக்குழாய்களின் வழியே கல்லீரல், நுரையீரல் முதலிய உறுப்புகளுக்கும் பரவக்கூடும். முத்துலட்சுமி மறைந்து மூன்றாண்டுகளுக்குப் பின், 1971இல், அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் இக்கருத்தை விளக்கினார். இரத்தக்குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் மருந்துகள் பின்னர் உருவாயின. குடற்புற்றில் கட்டி எவ்வளவு ஆழம் ஊடுருவியுள்ளது, எங்கெங்கு பரவியுள்ளது என்பவற்றைக் கொண்டே நோயாளி நலம்பெறும் வாய்ப்பை மருத்துவர்கள் கணிக்கின்றனர். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் அவ்வாய்ப்பு மிகுதி.

1956இல் பத்மபூஷண் விருது பெற்ற முத்துலட்சுமி ரெட்டி, 1968ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள் மறைந்தார். அன்று 12 படுக்கைகளுடன் தொடங்கிய மருத்துவமனை இன்று பெரும் மருத்துவ, ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்து நிற்கிறது. தம் வீட்டில் நேர்ந்த இழப்பு பிறர் வீட்டில் நேராதிருக்க அவர் உழைத்த உழைப்பின் பயன் அது.

சொற்பொருள்
இசைவு – சம்மதம்
தமக்கை – அக்காள்
உயிர்வளி – ஆக்சிஜன்
ஈடேறியது – நிறைவேறியது

அறிந்துகொள்வோம்
புற்றுநோயை மலையாளத்தில் அர்புதம் என்பர். தமிழில் வியப்பைக் குறிக்கும் அற்புதம் வேறு சொல். இரண்டையும் ஒலித்துப் பார்த்து, ர், ற் வேறுபாட்டை உணர்க.

பயிற்சி
1. புற்றுநோய் மருத்துவமனை அமைக்கும் எண்ணம் முத்துலட்சுமிக்கு ஏன் தோன்றியது?
2. புற்றுக்கட்டி வளர்வதை வாய்க்காலுடன் ஒப்பிடுவது எவ்வாறு பொருந்துகிறது?
3. பிரித்து எழுதுக: இரத்தக்குழாய், மலக்குடல், நூற்றாண்டு.
4. உங்கள் ஊரிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் மருத்துவ உதவிகளைக் கேட்டறிந்து, தமிழில் ஐந்து வரிகள் எழுதுக.