ஸ்ரீ ஜி. டி. நாயுடு காட்டிய நிர்வாக நெறி

பெரிய ஸ்தாபனங்களில் திட்டங்களுக்குக் குறைவில்லை; மேற்பார்வைக் கமிட்டிகளுக்கும் குறைவில்லை. ஆயினும் காரியம் கெடுவதேன்? இதற்கு விடை தேடுவோர் கோயமுத்தூர் ஸ்ரீ ஜி. டி. நாயுடுவின் சரித்திரத்தை நோக்குதல் நலமென்று கருதுகிறோம்.

1893-ம் வருஷம் மார்ச்சு 23-ந் தேதி கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் ஒரு குடியானவர் குடும்பத்தில் அவர் பிறந்தார். பள்ளிப் படிப்பில் அவருக்கு மனம் செல்லவில்லை. ஆங்கிலேய உத்தியோகஸ்தர் ஒருவரின் மோட்டார் சைக்கிள் அவர் கருத்தைக் கவர்ந்தது. கோவையில் ஹோட்டல் வேலை செய்து பணம் சேர்த்து அதை வாங்கினார். உறுப்பு உறுப்பாய்க் கழற்றிப் பூட்டி, ஒவ்வொன்றின் தொழிலையும் அறிந்தார்.

1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை விட்டார். அதுவே யுனிவர்சல் மோட்டார் சர்வீஸாக வளர்ந்தது. வண்டி ஒன்றாயிருந்தவரை முதலாளியின் கண்ணே போதும். பல வண்டிகள் பல ஊர்களில் ஓடும்போது அது போதுமா? போதாதென்று உணர்ந்தது அவருடைய மேதை. டிக்கட் கொடுக்க ஒரு யந்திரம், பஸ் வந்து புறப்படும் நேரத்தை அறிய ஒரு யந்திரம், எஞ்சினின் அதிர்வைச் சோதிக்க ஒரு கருவி எனத் தாமே அமைத்தார். பணமும் காலமும் வண்டியின் நிலையும் முகதாட்சணியமின்றி அளக்கப்பட்டன. பழுதை நடுவழியில் அன்றி, முன்கூட்டியே கண்டுகொள்ள வழி பிறந்தது.

அமெரிக்காவில் ஷூஹார்ட் என்னும் நிபுணர், பொருள் உற்பத்தியின் தரத்தைக் கணக்கிட்டு வரைபடத்தால் கண்காணிக்கும் முறையை 1924-ல் வகுத்தார். தொழில் வேறு, கருவி வேறு. ஆயினும் அந்தத் தலைமுறையிலேயே கொங்கு நாட்டுச் சாலைகளில் ஒரு தமிழ்நாட்டார் கண்ட உண்மை அதற்கு அயலானதன்று.

1945-ல் ஆர்தர் ஹோப் பெயரால் எழுந்த தொழிற்கல்லூரிக்கு அவர் பெருந்துணை புரிந்து, தலைமையும் வகித்தார். அதுவே இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி. நான்கு வருஷப் படிப்பு வீண் காலவிரயம், இரண்டு வருஷமே போதும் என்றார். அரசாங்கம் இணங்கவில்லை, அவர் பதவியைத் துறந்தார். அந்த அபிப்பிராயம் முழுவதையும் நாம் ஏற்க வேண்டுவதில்லை. ஆனால் ஒவ்வொரு படியும் எதற்காக என்று கேட்கும் உரிமையை எந்த ஸ்தாபனமும் மறுக்கலாகாது.

1974-ம் வருஷம் ஜனவரி 4-ந் தேதி அவர் காலமானார். அவருக்குச் சிலை வைப்பதும் புகழ்மாலை சூட்டுவதும் எளிது. காரியாலயமோ, கூட்டுறவுச் சங்கமோ, கட்சியோ, நம் பொறுப்பில் உள்ளதன் குறையை அளந்து பார்க்கத் துணிவதே கடினம். அளக்க அஞ்சும் நிர்வாகம் எத்தனை கமிட்டி வைத்தும் பயனில்லை. அந்தத் துணிவே அவருக்கு நாம் செலுத்தத்தக்க அஞ்சலி.