எஃப்.ஏ. தேறாத இராமானுஜன்

கணிதமேதை சீனிவாச இராமானுஜனின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கேம்பிரிட்ஜில் தொடங்குவார்கள். அல்லது நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரம் சொன்ன கதையில் தொடங்குவார்கள். அரசினர் கலைக் கல்லூரி ஒன்றின் மலரில் எழுதும் எனக்கு வேறோரிடத்தில் தொடங்கவே தோன்றுகிறது. 1904-ல் கும்பகோணம் அரசினர் கல்லூரி ஒரு பதினாறு வயது இளைஞனுக்கு உதவித்தொகை கொடுத்துச் சேர்த்துக்கொண்டது. மறு ஆண்டே அந்த உதவித்தொகை நின்றுபோனது. காரணம், ஆங்கிலக் கட்டுரைத் தாளில் அவன் தேறவில்லை. அந்த இளைஞன்தான் இராமானுஜன். கல்லூரி செய்தது தவறா என்பதை நாம் எளிதாகத் தீர்ப்பிட்டுவிட முடியாது. அதற்குமுன் அவருடைய வாழ்க்கையைச் சற்று விரிவாகப் பார்த்தல் நலம்.

1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில், தாய்வழிப் பாட்டன் வீட்டில் அவர் பிறந்தார். தந்தை சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு புடவைக் கடையில் கணக்கெழுதினார். மாதம் இருபது ரூபாய் அளவில் சம்பளம். காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் பிறந்த எங்களைப் போன்றோருக்கு இந்தச் செய்தி ஒன்றே அந்த வீட்டை முழுமையாகக் காட்டிவிடும். கடையின் அலமாரியில் நூற்றுக்கணக்கான பட்டுகள் அடுக்கியிருக்கும். கணக்கெழுதுகிறவர் வீட்டுக்குத் தீபாவளிக்கும் பட்டு வராது. மாகறலில் இருந்து பாலாற்றுப் பாலத்தைக் கடந்து காஞ்சிக்குப் போகும் பேருந்தில், கடைச் சிப்பந்திகளின் அந்த முகங்களை நான் தினமும் பார்த்திருக்கிறேன். தாய் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடி வீட்டுக்குச் சிறிது வருமானம் சேர்த்தார்.

காஞ்சிபுரத்துக்கும் அவருக்கும் உறவு உண்டு என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. இரண்டு வயதில் பெரியம்மை கண்டு பிழைத்த அந்தக் குழந்தையோடு தாய் காஞ்சிபுரம் வந்து, நீதிமன்றத்தில் ஊழியம் பார்த்த தம் தந்தையின் வீட்டில் சில காலம் தங்கியிருந்தார். பாட்டனாருக்கு வேலை போனதும் மீண்டும் கும்பகோணம். இடையே சென்னையில் ஒரு பள்ளி. அது பையனுக்குப் பிடிக்கவில்லை. அவனைப் பள்ளிக்கு அனுப்ப வீட்டார் ஒரு போலீஸ்காரரின் உதவியை நாடினார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். ஆறே மாதத்தில் மறுபடியும் கும்பகோணம்.

அங்கே டவுன் உயர்நிலைப் பள்ளியில் அவருக்கு எல்லாம் கைகூடின. லோனியின் முக்கோணவியல் நூலைப் பதின்மூன்று வயதிலேயே கற்று முடித்தார். பதினாறாம் வயதில் கார் என்பவர் தொகுத்த ஒரு நூல் கையில் கிடைத்தது. ஏறத்தாழ ஐயாயிரம் தேற்றங்களின் பட்டியல் அது. தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களுக்காகத் தொகுத்தது. நிறுவல்கள் பெரும்பாலும் இல்லை, இருந்தாலும் ஓரிரு வரிதான். அறிஞர்கள் அதைச் சிறந்த நூல் என்று சொல்வதில்லை. ஆனால் நிறுவல் இல்லாமையே இந்த மாணவருக்கு விருந்தாயிற்று. ஒவ்வொரு தேற்றத்தையும் தாமே நிறுவிப் பார்த்தார். நிறுவும்போது புதியவை பிறந்தன. அவற்றைக் குறிப்பேட்டில் எழுதினார். காகிதத்துக்குப் பணமில்லாததால் சிலேட்டில் கணக்கைப் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் ஏற்றினார். 1904-ல் பள்ளி முடிக்கும்போது கணிதத்துக்கான ரங்கநாத ராவ் பரிசு அவருக்குக் கிடைத்தது.

அதன்பின் வந்ததுதான் நான் முதலில் சொன்ன கல்லூரி. எஃப்.ஏ. வகுப்பில் கணிதம் ஒரு பாடம் மட்டுமே. ஆங்கிலம் உண்டு, வரலாறு உண்டு, உடலியல் உண்டு. இராமானுஜன் கணிதம் தவிர வேறொன்றையும் திறந்து பார்க்கவில்லை. உதவித்தொகை போனது. கட்டணம் கட்ட வழியில்லை. 1905-ல் யாரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினம் போய்விட்டார். பின்னர் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். உடலியல் பாடம் அங்கே அவரைப் பெரிதும் வாட்டியது. 1906 டிசம்பரில் எஃப்.ஏ. தேர்வில் தோல்வி, 1907-ல் மீண்டும் தோல்வி. இருபது வயதில் பட்டமில்லை, வேலையில்லை, கையில் இருப்பவை குறிப்பேடுகள் மட்டுமே.

இந்த இடத்தில், எங்கள் மாணவர் மன்றத்தில் நடந்த ஒரு விவாதத்தைச் சொல்ல வேண்டும். இக்கட்டுரை பிறந்ததே அதனால்தான். எங்கள் கூடைப்பந்து அணியில் முதலாண்டு மாணவன் ஒருவன் இருக்கிறான். உயரமும் வேகமும் உண்டு. கைக்கு வந்த பந்தைக் கூடையில் சேர்க்கும் நிதானம் இல்லை. முக்கிய ஆட்டத்தில் ஃப்ரீ த்ரோக்களைத் தவறவிட்டான். இவனை அணியில் வைத்து வளர்ப்பதா, தேறிய ஒருவனுக்கு இடம் கொடுப்பதா என்பது கேள்வி. வளர்க்க வேண்டும் என்று பேசியவர்கள், நான் உட்பட, இராமானுஜனை இழுத்தோம். எதிர்த்துப் பேசிய மூன்றாம் ஆண்டு நண்பரின் வாதம் கூர்மையானது. ஓர் இராமானுஜனுக்குப் பொறுத்தது சரியென்று, தோற்ற ஆயிரம் பேருக்கும் பொறுக்க முடியுமா? ஐந்து பேர் ஆடும் ஆட்டத்தில் ஒருவனுக்குக் காட்டும் பொறுமை, பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இன்னொருவனின் கடைசி ஆண்டிலிருந்து எடுத்துக் கொடுப்பதல்லவா? கேட்டு மண்டபம் அமைதியாயிற்று. கைதட்டலும் அவருக்கே அதிகம். அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் நூலகத்தில் இராமானுஜனை மறுபடி படித்தேன்.

படித்தபோது எனக்குப் பட்டது ஒன்று. அவருக்குப் பொறுமை காட்டியவர்கள் எவரும் கண்ணை மூடிக்கொண்டு காட்டவில்லை; ஒவ்வொருவரும் குறிப்பேட்டைத் திறந்து பார்த்தார்கள். திறந்து பார்க்காமலே தள்ளியவர்களும் இருந்தார்கள். பார்த்தும் விளங்காமல் திருப்பியவர்களும் இருந்தார்கள். வேறுபாடு இங்கேதான்.

1909 ஜூலையில் அவருக்குத் திருமணம் நடந்தது. மணமகள் ஜானகிக்கு அப்போது வயது பத்து. குடும்பம் வந்துவிட்டது, வருமானம் வேண்டும். நோயிலிருந்து எழுந்த உடலோடு வேலை தேடிப் புறப்பட்டார். 1910-ல் திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்த வி. இராமசாமி ஐயரைப் பார்த்தார். இந்தியக் கணிதக் கழகத்தை 1907-ல் தோற்றுவித்தவர் அவர். வருவாய்த்துறையில் ஒரு கடைநிலை எழுத்தர் வேலை கேட்டு வந்த இளைஞனின் குறிப்பேட்டைப் புரட்டிய அவர், வேலை கொடுக்கவில்லை. இந்த மூளையைத் தாலுகா அலுவலகத்தில் புதைக்கக்கூடாது என்று எண்ணிச் சென்னையிலுள்ள கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார். வேலை தர மறுத்ததையும் நான் ஒரு பெரிய உதவியாகவே கருதுகிறேன். பசியோடு வந்தவருக்கு அன்று அது எப்படி இருந்திருக்கும் என்பது வேறு.

பேராசிரியர் சேஷு ஐயர் வழியாக நெல்லூர் ஆட்சியர் ஆர். இராமச்சந்திர ராவிடம் போனார். ராவ் கணிதம் அறிந்தவர், கழகத்தின் செயலாளர். பருத்த உடலும் சவரம் செய்யாத முகமுமாய், அக்குளில் நைந்த குறிப்பேட்டோடு நின்ற இளைஞரை அவர் முதலில் ஐயத்தோடுதான் பார்த்தார். இவர் ஏமாற்றுக்காரரோ என்ற எண்ணம் கூட எழுந்தது. முதற் சந்திப்பில் ஒன்றும் முடிவாகவில்லை. மறுபடி வரச் சொன்னார். மறுபடியும் வரச் சொன்னார். தம்மால் பின்தொடர முடியாது என்று கண்ட இராமானுஜன், எளிய முடிவுகளிலிருந்து தொடங்கிப் படிப்படியாக அவரை மேலே அழைத்துச் சென்றார். பிறகு ராவ் கேட்டது, உமக்கு என்ன வேண்டும் என்பதுதான். உண்ண வழியும் கணக்குப் போட நேரமும் போதும் என்பது அவர் விடை. அதன்பின் மாதந்தோறும் இருபத்தைந்து ரூபாய், ராவின் சொந்தப் பணத்திலிருந்து வந்தது. புடவைக் கடைக் கணக்கரின் முழுச் சம்பளத்தைவிட அது கூடுதல் என்பதை நினைத்துப் பாருங்கள்.

எங்கள் ஊர்த் தலபுராணத்தில் ஒரு பலாமரம் உண்டு. நாளுக்கொரு பழம் தருமாம். சோழ மன்னன் அதைத் தில்லைக்கு நிவேதனமாக அனுப்பி வைப்பானாம். நாளுக்கொரு பழம் தரும் மரம் புராணத்தில்தான் உண்டு. தறியைப் பாருங்கள்: தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போட்டு, உலர்த்திச் சுருட்டித் தறியில் ஏற்றி, பழைய பாவின் முனையோடு புதிய இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைத்த பிறகே முதல் ஊடை ஓடும். அத்தனை நாளும் நெய்த துணி ஒரு முழம் கூட இராது. அதற்காக நெசவாளியைச் சோம்பேறி என்று எவரும் சொல்வதில்லை; பாவு கண்ணெதிரே கிடக்கிறது. இராமானுஜனின் பாவு அந்தக் குறிப்பேடு.

பொறுமை என்றால் குறை சொல்லாமல் இருப்பது என்றும் நினைத்துவிடக்கூடாது. 1911-ல் பெர்னூலி எண்களைப் பற்றிய அவருடைய முதல் கட்டுரை கணிதக் கழக இதழில் வெளிவந்தது. இதழாசிரியர் எம்.டி. நாராயண ஐயங்கார் பெங்களூரில் இருந்தார். கட்டுரையின் நடை சாதாரண வாசகர் பின்பற்ற முடியாதபடி சுருக்கமாகவும் தெளிவின்றியும் இருந்தது. அவர் அதைக் கிழித்தெறியவுமில்லை, அப்படியே அச்சிடவுமில்லை, திருத்தக் கேட்டுத் திருப்பி அனுப்பினார், அது மீண்டும் வந்தது, மீண்டும் போனது. ஆங்கிலக் கட்டுரைத் தாளில் கல்லூரி கண்ட அதே குறைதான் இது. கல்லூரி அதற்கு மதிப்பெண் போட்டது. ஐயங்கார் அதைத் திருத்த உதவினார்.

ஓராண்டளவில், பிறர் பணத்தில் வாழ மனமொப்பாத இராமானுஜன் வேலை தேடி, 1912 மார்ச் 1 முதல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் முப்பது ரூபாய்க்கு எழுத்தரானார். அங்கே மேலாளர் எஸ். நாராயண ஐயர் கணிதம் படித்தவர். தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஒரு பொறியியலர். இரவில் நாராயண ஐயரும் இவரும் சிலேட்டோடு உட்கார்ந்தார்கள். ஒரு அடி வைக்கும் இடத்தில் பத்து அடிகளைத் தாவாமல் மற்றவருக்கும் விளங்கும்படி எழுதச் சொல்லி ஐயர் வற்புறுத்தினார்.

இங்கிலாந்துக்குச் சென்ற கடிதங்களின் கதை எல்லோரும் அறிந்தது, விரைந்து சொல்கிறேன். பேக்கர், ஹாப்சன் என்ற இரு கேம்பிரிட்ஜ் பேராசிரியர்களிடமிருந்து பயன் ஏதும் கிட்டவில்லை. 1913 ஜனவரி 16 நாளிட்ட கடிதம் ஹார்டிக்குப் போனது. அவரும் முதலில் இது பித்தலாட்டமோ என்றே நினைத்தார். அன்று மாலையே லிட்டில்வுட்டுடன் உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்தபின் மேதையின் கை என்று தெளிந்தார். சென்னைப் பல்கலைக்கழகம் அதே ஆண்டு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை அளித்தது. எஃப்.ஏ. கூடத் தேறாதவருக்கு விதிகளில் இடமில்லாத உதவி அது. 1914 மார்ச் 17-ல் கப்பலேறினார். 1916-ல் ஆய்வின் அடிப்படையில் கேம்பிரிட்ஜ் பட்டம். 1918-ல் ராயல் கழக உறுப்பினர். அதே ஆண்டு அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியின் முதல் இந்திய ஃபெல்லோ. ஹார்டியோடு சேர்ந்து, ஓர் எண்ணைக் கூட்டுத்தொகைகளாகப் பிரிக்கும் வழிகளின் எண்ணிக்கைக்குக் கண்ட சூத்திரம் இன்றும் போற்றப்படுகிறது.

ஆனால் போர்க்கால இங்கிலாந்தில் மரக்கறி உணவுக்கும் குளிருக்கும் இடையே உடல் நலிந்தது. 1919-ல் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ல் சென்னை சேத்துப்பட்டில் மறைந்தார், வயது முப்பத்திரண்டு.

பின்னாளில் ஹார்டி எழுதியதைப் படித்து வியந்தேன். அந்த இளம் வயது மரணத்தைவிட, வழிகாட்டுவாரின்றிக் கழிந்த ஐந்தாண்டுகளையே பெரிய துயரமாக அவர் கருதினார். கணித ஆற்றல் மலரும் வயது அது. அந்த நேரத்தில் ஐரோப்பாவில் ஏற்கெனவே கண்டறியப்பட்டவற்றைத் தனியே மறுபடி கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். மூன்றாமாண்டு நண்பர் பெஞ்சில் இருப்பவனின் ஓராண்டைக் கணக்கிட்டார். இந்த ஐந்தாண்டையும் அதே ஏட்டில் எழுத வேண்டும் என்பது என் வாதம். அடுத்த கூட்டத்தில் அதைச் சொன்னேன். முதலாண்டு மாணவனுக்கு இடம் கொடுங்கள் என்று மட்டும் நான் கேட்கவில்லை. அவன் நாள்தோறும் எத்தனை ஃப்ரீ த்ரோ எறிகிறான் என்பதைப் பயிற்சியாளர் பக்கத்தில் நின்று பார்க்கட்டும், குறிப்பேடு அங்கே இருக்கிறதா இல்லையா தெரிந்துவிடும் என்றேன். நண்பர் இன்னும் ஒப்பவில்லை. ஆனால் எண்ணிப் பார்க்கத் தாமே வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இராமானுஜன் படுக்கையில் கிடந்த கடைசி ஓராண்டில் எழுதிய தாள்கள் 87. அவர் மறைந்தபின் இங்கிலாந்துக்குப் போன அவற்றை 1976-ல் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணிதவியலர் கண்டெடுத்தார். முந்தைய குறிப்பேடுகளின் முடிவுகளை ஒவ்வொன்றாக நிறுவி, புரூஸ் பெர்ன்ட் ஐந்து தொகுதிகளாக 1985 முதல் 1998 வரை வெளியிட்டார். 1920 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் இராமானுஜன் குறிப்பிட்ட போலித் தீட்டாச் சார்புகள் உண்மையில் எவை என்பது, 2002-ல் ஸ்வேகர்ஸ் என்ற டச்சு இளைஞரின் ஆய்வேட்டில்தான் விளங்கிற்று. ஜானகி அம்மையார் திருவல்லிக்கேணியில் நெடுங்காலம் தையல் வேலை செய்து வாழ்ந்து, 1994-ல் காலமானார்.