தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார்

வேதநாயகம் சாஸ்திரியார் (செப்டம்பர் 7, 1774 - சனவரி 24, 1864) தஞ்சாவூரில் வாழ்ந்த தமிழ்க் கிறித்தவப் புலவரும் பள்ளி ஆசிரியரும் ஆவார். தமிழ்ச் சீர்திருத்தத் திருச்சபைகளின் வழிபாட்டில் கீர்த்தனைகள் இடம்பெறப் பெரிதும் காரணமாக இருந்தவர். பிரதாப முதலியார் சரித்திரம் எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826 - 1889) வேறொருவர்.

இளமையும் கல்வியும்

இவர் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தார். தந்தை தேவசகாயம் உபதேசியாராகப் பணிபுரிந்தவர். செருமானிய மிஷனரியான சுவார்ட்சு, சிறுவனின் திறமையைக் கண்டு தஞ்சாவூருக்கு அழைத்துச் சென்று கல்வி அளித்தார். பின்னாளில் தஞ்சை மன்னரான இரண்டாம் சரபோஜியும் சுவார்ட்சின் மாணவரே. தரங்கம்பாடியிலும் வேதநாயகம் சில காலம் பயின்றார்.

ஆசிரியப் பணி

பத்தொன்பது வயதளவில் தஞ்சை மிஷன் பள்ளியில் ஆசிரியரானார். அக்காலத்தில் சீர்திருத்தத் திருச்சபைகளில், செருமானிய மெட்டுகளுக்கு ஏற்பத் தமிழில் பெயர்க்கப்பட்ட ஞானப்பாட்டுகளே பெரும்பாலும் பாடப்பட்டன. சாஸ்திரியார் கீர்த்தனை, கும்மி, ஏற்றப்பாட்டு, குறவஞ்சி ஆகிய வடிவங்களைக் கையாண்டார். இவை சிறுவர் வீட்டிலும் வயலிலும் கேட்டுப் பழகியவை. எனவே அயல் மெட்டைத் தனியே கற்காமல் அவர்களால் பாட முடிந்தது.

பள்ளியில் கற்பித்த அறிவியலும் இவரது பாடல்களில் கலந்தது. பெத்லகேம் குறவஞ்சியில் சூரியனை நடுவாகக் கொண்ட கோள்களின் அமைப்பும் உலகப் புவியியலும் பாட்டாக வருகின்றன. அந்நூலில் குறத்தியான சிங்கி விசுவாசத்தின் உருவகம். பறவை பிடிக்கும் சிங்கன் உபதேசியின் உருவகம். ஞானத்தச்ச நாடகம் நோவாவின் பேழை கட்டப்பட்ட கதையைக் கூறுகிறது. சாஸ்திரக் கும்மி மூடநம்பிக்கைகளைச் சாடுகிறது. செபமாலை, ஞான ஏற்றப்பாட்டு ஆகியனவும் இவரது நூல்களாகும்.

முரண்பாடு

1820களில் தஞ்சைக்கு வந்த புதிய மிஷனரிமாருடன் இவருக்குக் கடும் பிணக்கு ஏற்பட்டது. பபிரிசியுசின் விவிலிய மொழிபெயர்ப்பைத் திருத்துவதையும், கோயிலிலும் திருமணங்களிலும் தமிழ் இசை, மலர் முதலியவற்றை விலக்குவதையும் இவர் எதிர்த்து எழுதினார். எல்லாச் சாதியினரும் கலந்தமர வேண்டும் என்ற ஆணையையும் எதிர்த்தார். மக்களின் இசைக்காக வாதாடிய இவர், சாதி வேறுபாட்டையும் மரபென்றே காத்து நின்றார் என்பது இவரது வாழ்வை மதிப்பிடுவோர் கருத்திற்கொள்ள வேண்டிய ஒன்றாகும்.

1829இல் பணியிழந்த இவரைச் சரபோஜி மன்னர் ஆதரித்தார். மன்னர் 1832இல் மறைந்தார். சாஸ்திரியார் ஊர்கள்தோறும் சென்று தம் நூல்களைப் பாடி விளக்கிவந்தார். வளர்ப்பு மகள் ஞானதீபமும் உடன் பாடினார்.

தாக்கம்

அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப், 1853இல் கிறித்தவக் கீர்த்தனைத் தொகுப்பொன்றை வெளியிட்டார். அதில் சாஸ்திரியாரின் பாடல்கள் பெருமளவு இடம்பெற்றன. விலக்கப்பட்ட கீர்த்தனைகள் இவ்வாறு இவரது வாழ்நாளிலேயே வழிபாட்டு நூலில் இடம்பிடித்தன. தம் 89ஆம் வயதில் இவர் காலமானார். தமிழகத்திலும் இலங்கையிலும் உள்ள திருச்சபைகளில் இவரது பாடல்கள் இன்றும் பாடப்படுகின்றன.