அலைகடல் தாண்டிய மூன்று புள்ளிகள்

வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது, மணி அடித்துவிட்டதென்று கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி சொல்வாள். வேறு யார் காதிலும் அது விழுந்திருக்காது. உண்மையாகவே கேட்டாளா, கேட்க வேண்டுமென்ற ஆசையில் கேட்டதாக நினைத்துக்கொண்டாளா என்று ஆசிரியைக்குச் சந்தேகம் வரும். கம்பியில்லாத் தந்தியைத் தந்தவர் என்று நாம் பாடப் புத்தகத்தில் படிக்கும் குல்யெல்மோ மார்க்கோனியும் ஒரு நாள் இதே சந்தேகத்துக்கு ஆளானார். அந்தச் சந்தேகம் இன்றுவரை முற்றிலும் தீர்ந்தபாடில்லை.

இத்தாலியிலுள்ள பொலோஞா நகரில் 1874ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் மார்க்கோனி பிறந்தார். தந்தை ஜுசெப்பே வசதி படைத்த நிலக்கிழார். தாயார் ஆனி ஜேம்சன் அயர்லாந்து நாட்டுப் பெண்மணி. பையனுக்குப் பல்கலைக்கழகத்தில் சேரும் தகுதி கிட்டவில்லை. ஆயினும் பொலோஞா பல்கலைக்கழகப் பேராசிரியர் அகுஸ்தோ ரீகி அவனைத் தம்மிடம் வந்து கற்றுக்கொள்ள அனுமதித்தார். மின்காந்த அலைகளை முதன்முதலில் உண்டாக்கிக் காட்டிய ஜெர்மானிய விஞ்ஞானி ஹெர்ட்ஸ் 1894இல் இளம் வயதிலேயே காலமானார். அவரைப் பற்றிய கட்டுரையொன்றைப் படித்தபோது, இந்த அலைகளைக் கொண்டு கம்பியே இல்லாமல் செய்தி அனுப்பினால் என்ன என்ற எண்ணம் மார்க்கோனிக்கு உதித்தது.

வீட்டு மாடியறையில் சோதனைகள் தொடங்கின. மகன் காலத்தை வீணாக்குகிறான் என்று தந்தை கருதினார். தாயாரோ அவன் பக்கம் நின்றார். ஒரு நாள் நள்ளிரவில் மார்க்கோனி தாயாரை எழுப்பி மாடிக்கு அழைத்துச் சென்று, அறையின் ஒரு கோடியில் விசையை அழுத்த, மறு கோடியில் கம்பித் தொடர்பே இல்லாத மணி ஒலித்ததாம். அதைக் கேட்ட முதல் சாட்சி அந்தத் தாய்தான். 1895இல் அண்ணன் அல்போன்சோ கருவியோடு குன்றுக்கு அப்பால் சென்றார். சமிக்ஞை வந்து சேர்ந்தால் துப்பாக்கியால் சுட்டுத் தெரிவிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. வெடிச்சத்தம் கேட்டது, அலைகள் குன்றையும் கடந்துவிட்டன!

மறு ஆண்டு தாயும் மகனும் இங்கிலாந்து சென்றனர். தாயாரின் உறவினர்கள் கைகொடுத்தார்கள். 1896இல் காப்புரிமை விண்ணப்பம், 1897இல் ஒரு கம்பெனி, 1899இல் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிய செய்தி என்று மளமளவென்று வளர்ந்தார். அடுத்து அவர் கண் வைத்தது அட்லாண்டிக் சமுத்திரத்தின் மீது!

அது நடவாத காரியம் என்பதே அறிஞர் பலரின் எண்ணம். அலைகள் ஒளியைப் போல நேர்கோட்டில் செல்பவை, பூமியோ உருண்டை. மார்க்கோனி பின்வாங்கவில்லை. இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் போல்டு என்னுமிடத்தில், பேராசிரியர் பிளெமிங் வகுத்த திட்டப்படி, 25 கிலோவாட் மின்னாக்கியோடு ஒரு பெரிய நிலையம் எழுந்தது. வட்டமாக நாட்டியிருந்த 20 கம்பங்களையும் 1901 செப்டம்பரில் புயல் சாய்த்துவிட்டது. அமெரிக்கக் கரையில் எழுப்பிய கம்பங்களும் இரண்டே மாதத்தில் விழுந்தன. வேறொருவராக இருந்தால் வீட்டுக்குத் திரும்பியிருப்பார். அவரோ போல்டுவில் இரண்டு கம்பங்களை மட்டும் நட்டு, கம்பிகளை விசிறி போல் தொங்கவிடச் செய்து, கெம்ப், பாஜெட் என்ற இரண்டு உதவியாளர்களோடு நியூபவுண்ட்லாந்து தீவுக்குக் கப்பலேறினார்.

செயின்ட் ஜான்ஸ் துறைமுகத்தை அடுத்த சிக்னல் குன்றில், கைவிடப்பட்ட ஒரு பழைய ஆஸ்பத்திரியே அவர்களுக்கு ஆய்வுக்கூடமாயிற்று. ஏரியலைத் தூக்கிப் பிடிக்கக் கம்பம் இல்லை. கொண்டுசென்ற பலூனைக் காற்று பறித்துக்கொண்டது. டிசம்பர் 12ஆம் நாள் பறக்கவிட்ட முதல் பட்டமும் அறுந்து போயிற்று. இரண்டாவது பட்டம் சுமார் 150 மீட்டர் கம்பியைத் தூக்கிக்கொண்டு சூறைக்காற்றில் ஏறியும் இறங்கியும் தள்ளாடியது.

போல்டுவிலிருந்து குறித்த நேரங்களில் மோர்ஸ் முறையில் மூன்று புள்ளிகளை, அதாவது ஆங்கில எழுத்து எஸ்ஸை, திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. வழக்கமாகச் சமிக்ஞைகளைக் காகித நாடாவில் குறிக்கும் கருவி இவ்வளவு மெல்லிய ஒலிக்கு உதவாது. ஆகவே பாதரசத்தைக் கொண்டு இயங்கும் நுண்ணிய உணர்கருவியோடு தொலைபேசிக் குழாயை இணைத்துக் காதில் வைத்துக்கொண்டார். இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. இரும்பையும் பாதரசத்தையும் கொண்ட இத்தகைய உணர்கருவியைப் பற்றி 1899இலேயே லண்டன் ராயல் சங்கத்தில் ஆய்வுரை அளித்தவர் நம் நாட்டு விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ். அன்று மார்க்கோனிக்கு அக்கருவி ஓர் இத்தாலியக் கடற்படை அதிகாரி வழியாகக் கிடைத்தது. போஸின் பங்கு உரிய முறையில் பேசப்பட ஏறக்குறைய 100 ஆண்டுகள் ஆயின.

பகல் 12.30 மணி. இரைச்சலுக்கு நடுவே மூன்று மெல்லிய தட்டுகள். மார்க்கோனி குழாயைக் கெம்ப்பிடம் நீட்டினார். கெம்ப்பும் கேட்டதாகச் சொன்னார். 1.10க்கும் 2.20க்கும் மறுபடி கேட்டதாக மார்க்கோனி சட்டைப்பைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். 3,400 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்த ஒலி!

செய்தி வெளியானதும் உலகம் வியந்தது. கடலடித் தந்திக் கம்பெனியோ, அத்தீவில் தந்தி நடத்தும் உரிமை தனக்கே உரியதென்று வழக்கு மிரட்டல் விடுத்தது. விஞ்ஞானிகள் பலர் தலையசைத்துச் சந்தேகப்பட்டார்கள். காகிதத்தில் பதிவு இல்லை. சாட்சிகள் மார்க்கோனியும் அவரிடம் சம்பளம் வாங்கும் உதவியாளரும்தான். எங்கோ வெட்டும் மின்னலும் குழாயில் டிக் டிக் என்றுதான் கேட்கும். எல்லாவற்றையும்விட, எந்த நேரத்தில் என்ன வரும் என்பது கேட்டவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். விடை தெரிந்தவள் கணக்கைத் திருத்தினால் தப்பும் சரியாகத் தெரிவதில்லையா?

மார்க்கோனியின் பெருமை இந்த இடத்தில்தான் எனக்கு விளங்குகிறது. என்னை நம்பமாட்டீர்களா என்று அவர் கோபித்துக்கொண்டு உட்காரவில்லை. இரண்டே மாதங்களில், 1902 பிப்ரவரியில், பிலடெல்பியா என்ற கப்பலில் ஏறி மேற்கு நோக்கிச் சென்றார். இம்முறை காதை நம்பவில்லை. வந்த சமிக்ஞைகளை எல்லாம் கருவி காகித நாடாவில் பதித்தது. கப்பல் தலைவர் அவற்றைப் பார்த்துக் கையெழுத்திட்டார். இரவில் முழுச் செய்திகள் சுமார் 2,500 கிலோமீட்டர் வரை வந்தன. எஸ் எழுத்து மட்டும் 3,300 கிலோமீட்டருக்கும் அப்பால் வந்தது.

ஆனால் அந்த நாடாவே இன்னொரு வேடிக்கையும் செய்தது. பகலில் 1,100 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டியதுமே சமிக்ஞை மறைந்துவிட்டது. வானத்தின் உயரே அலைகளைத் திருப்பி அனுப்பும் மின்னூட்டப் படலம் உண்டென்று அதே ஆண்டில் கென்னலி, ஹெவிசைடு என்ற இருவர் கூறினர். 1924இல் ஆப்பிள்டன் அதை மெய்ப்பித்தார். சூரியன் இருக்கையில் அதன் கீழ்ப்பகுதி நடுத்தர அலைகளை விழுங்கிவிடுகிறது. அப்படியானால் சிக்னல் குன்றில் நட்டநடுப் பகலில் கேட்டது என்ன? போல்டுவின் பொறி பல நீள அலைகளைச் சிதறியது, அவற்றில் குறு அலை ஒன்று தப்பி வந்திருக்கலாம் என்பார் சிலர். வெறும் இரைச்சல் என்பார் சிலர். அவர் பொய் சொன்னாரென்று நான் எண்ணவில்லை. பொய் சொல்பவர் தம் கூற்றுக்கே எதிராக நிற்கக்கூடிய நாடாவைக் கையெழுத்தோடு வெளியிடமாட்டார்.

பின்னர் அவர் பல ஆயிரம் மீட்டர் நீளமுள்ள அலைகளுக்கு மாறினார். அவை பகலிலும் கடல் தாண்டின. 1907இல் அயர்லாந்துக்கும் கனடாவுக்குமிடையே ஒழுங்கான தந்திச் சேவை தொடங்கியது. 1909இல் பிரவுன் என்ற ஜெர்மானியரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1912இல் டைட்டானிக் மூழ்கியபோது, கடைசிவரை விசையை விட்டு அகலாமல் உயிர் துறந்த பிலிப்ஸ் என்ற இளைஞர் மார்க்கோனி கம்பெனி ஊழியரே. அந்த அழைப்பைக் கேட்டு விரைந்து வந்த கப்பல் 700க்கும் மேற்பட்டோரைக் காப்பாற்றியது.

பிற்காலத்தில் அவர் முசோலினியின் பாசிஸ்ட் கட்சியில் சேர்ந்து பதவிகளையும் ஏற்றார். அதை மறைப்பது நியாயமாகாது. பரிசுத்த பாப்பரசர் 11ஆம் பத்திநாதரின் வேண்டுகோளின்படி வத்திக்கான் வானொலி நிலையத்தை அமைத்துக் கொடுத்ததும் அவரே. 1931 பிப்ரவரி 12ஆம் நாள் பாப்பரசரின் குரல் முதன்முறையாக வானலைகளில் உலகெங்கும் ஒலித்தது. 1937 ஜூலை 20ஆம் நாள் மார்க்கோனி ரோமாபுரியில் காலமானார். வானொலி நிலையங்கள் 2 நிமிடம் மௌனம் காத்தன.

அவர் பயன்படுத்திய நீண்ட அலைகளுக்கு இன்னொரு கதை உண்டு. பொழுதுபோக்காக வானொலி அனுப்பும் அமெச்சூர்களை 1912இல் அமெரிக்கச் சட்டம் பயனற்றவை என்று கருதப்பட்ட குறு அலைகளுக்கு விரட்டியது. நீண்ட அலைகளில் ஒரு சிறு துண்டு உலக அளவில் அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது 2007இல்தான்: 136 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி. 2012இல் 472 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இன்னொரு துண்டு. முதல் துண்டில் ஏரியலிலிருந்து புறப்பட அனுமதிக்கப்பட்ட ஆற்றல் 1 வாட் மட்டுமே. ஒரு டார்ச் விளக்குக்குத்தான் அது போதும்!

அதை வைத்துக்கொண்டு அவர்கள் சமுத்திரம் தாண்டுகிறார்கள். ஒரு புள்ளியைப் பல விநாடிகள் நீட்டி அனுப்பி, காதால் கேளாமல் கணிப்பொறித் திரையில் கோடாகப் பார்ப்பது ஒரு முறை. நோபல் பரிசு பெற்ற வானியல் அறிஞர் ஜோசப் டெய்லர் 2008இல் வெளியிட்டது இன்னொரு முறை. அதற்கு விஸ்பர் என்று பெயர். ஆங்கிலத்தில் கிசுகிசுப்பு என்று பொருள்படும். அனுப்புபவரின் அழைப்புப் பெயர், இடம், ஆற்றல் ஆகிய மூன்றை மட்டும் சொல்ல அது ஏறக்குறைய 2 நிமிடம் எடுத்துக்கொள்கிறது. வழியில் சில துணுக்குகள் தொலைந்தாலும் மீதியைக் கொண்டு முழுமையாக்கும்படி செய்தி பின்னப்பட்டிருக்கிறது. அதனால் மனிதக் காதுக்கு வெறும் இரைச்சலாகத் தோன்றுவதிலிருந்தும் கணிப்பொறி செய்தியைப் பிரித்தெடுக்கிறது. யார் அனுப்புகிறார், என்ன வரும் என்று அதற்கு முன்கூட்டித் தெரிய வேண்டியதில்லை. செய்தி தேறினால் நாளையும் நேரத்தையும் குறித்து எழுதுகிறது. தேறாவிட்டால் ஒன்றும் எழுதுவதில்லை.