காஞ்சனை யார்? பேயை நம் வீட்டுக்குள் கூட்டி வந்த புதுமைப்பித்தனின் கதை

பேய் வீடு, குடும்ப சாபம், சூனியக்காரி. ஓடிடி-யில் இந்த மூன்றும் இருந்தால் போதும், விடிய விடிய உட்கார்ந்து பார்க்க ஆள் இருக்கிறது. 2018-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்' ஞாபகம் இருக்கலாம். அந்தத் தொடருக்கு அடிப்படையான நாவலை அமெரிக்க எழுத்தாளர் ஷெர்லி ஜாக்சன் 1959-ல் எழுதினார்.

அதற்கு 16 வருடம் முன்பே தமிழில் அப்படி ஒரு வீடு வந்துவிட்டது. கதையின் பெயர் 'காஞ்சனை'. எழுதியவர் புதுமைப்பித்தன். ராகவா லாரன்ஸ் நடித்த 'காஞ்சனா'வுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இது சிரிக்க வைக்கிற பேய் அல்ல.

யார் இந்தப் புதுமைப்பித்தன்?

இயற்பெயர் சொ.விருத்தாசலம். 1906 ஏப்ரல் 25-ம் தேதி கடலூரை ஒட்டிய திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். குடும்பத்துக்குப் பூர்வீகம் திருநெல்வேலி. அப்பா சொக்கலிங்கம் பிள்ளை தாசில்தார். அவருக்கு எங்கே மாற்றலோ, அங்கே குடும்பமும் போகும். செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சி என ஊர் மாறிக்கொண்டே இருந்தது.

எட்டு வயதில் அம்மா பர்வதத்தம்மாள் இறந்துபோனார். அப்பா மறுமணம் செய்துகொண்டார். அதன் பிறகு அந்த வீடு அவருக்கு ஒட்டவே இல்லை. திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் பி.ஏ. முடித்தார். திருவனந்தபுரத்தைச் சேர்ந்த கமலாவோடு கல்யாணம் நடந்தது. அப்பாவோடு மனஸ்தாபம் முற்றியதும் பிழைப்புத் தேடி சென்னைக்குக் கிளம்பிவிட்டார்.

'மணிக்கொடி' இதழ்தான் அவரைத் தமிழ் வாசகர்களிடம் கொண்டு சேர்த்தது. வயிற்றுப்பாட்டுக்கு 'தினமணி'யில் உதவி ஆசிரியர் வேலை. பகலில் செய்தி, மற்ற நேரத்தில் கதை. சுமார் 15 வருடத்தில் ஏறக்குறைய நூறு கதைகள் எழுதினார். வெளிநாட்டுக் கதைகளையும் நிறைய மொழிபெயர்த்தார். மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலை 'பிரேத மனிதன்' என்ற பெயரில் தமிழுக்குக் கொண்டுவந்ததும் இவர்தான். மேற்கத்திய திகில் கதை எப்படி வேலை செய்கிறது என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

'காஞ்சனை'யில் என்ன நடக்கிறது?

1943-ல் 'கலைமகள்' இதழில் வந்த கதை இது. ஒரு எழுத்தாளர், அவர் மனைவி. சாதாரண வீடு. பாழடைந்த பங்களாவும் இல்லை, பூட்டிய அறையும் இல்லை. ராத்திரி தூக்கம் வராமல் புரளும் கணவனுக்கு எங்கிருந்தோ ஒரு வாசனை வருகிறது. அது கொஞ்ச நேரத்தில் பிண நாற்றமாக மாறுகிறது.

பிறகு ஒரு பிச்சைக்காரப் பெண் வாசலுக்கு வருகிறாள். பெயர் காஞ்சனை. மனைவிக்கு அவளைப் பார்த்ததும் பிடித்துப்போகிறது. வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். கணவனின் கண் மட்டும் அந்தப் பெண்ணின் காலுக்குப் போகிறது. பேய்க்குக் கால் தரையில் பாவாது என்று நம் ஊரில் சொல்வார்கள் அல்லவா, அந்தச் சந்தேகம்தான்.

கதையின் உண்மையான பயம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. தன் சந்தேகத்தை அவரால் மனைவியிடம் சொல்ல முடியவில்லை. சொன்னால் பயந்துவிடுவாள். சொல்லாவிட்டால் அவள் கழுத்துக்கே ஆபத்து வரலாம். ஒரே கூரைக்குக் கீழே மூன்று பேர் இருக்கிறார்கள். ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாது. காஞ்சனை நிஜமாகவே பேயா, இல்லை எல்லாம் அந்தக் கணவனின் பிரமையா? கதை கடைசிவரை பிடிகொடுக்காது.

கிராமத்துப் பேய்கள் புளியமரத்திலும் சுடுகாட்டிலும் இருந்தன. அங்கே போகாமல் இருந்தால் தப்பித்துக்கொள்ளலாம். காஞ்சனை இருப்பதோ அடுப்படியில். அங்கிருந்து எங்கே ஓடுவது?

சாபம் தீர்ந்தால் பிரச்சினை தீருமா?

அதே 1943-ல் அதே 'கலைமகள்' இதழில் வந்தது 'சாப விமோசனம்'. அகலிகை கதை நமக்குத் தெரியும். கௌதமரின் சாபத்தால் கல்லானவள், ராமன் கால் பட்டதும் மறுபடி பெண்ணாகிறாள். புராணக் கதை பொதுவாக அங்கே முடிந்துவிடும். புதுமைப்பித்தன் அங்கேதான் தொடங்குகிறார்.

சாபம் போய்விட்டது, சரி. மறுநாள் காலையிலிருந்து இந்த இரண்டு பேரும் ஒரே குடிலில் எப்படி வாழ்வது? கௌதமர் மனதார மன்னித்துவிட்டார். ஆனாலும் யாராவது சாதாரணமாக ஒரு வார்த்தை பேசினால்கூட, அதில் வேறு அர்த்தம் இருக்குமோ என்று அகலிகை நடுங்குகிறாள். பல வருடம் கழித்து சீதை வருகிறாள், தான் தீயில் இறங்க வேண்டி வந்ததைச் சொல்கிறாள். தன்னை மீட்ட ராமனா மனைவியைத் தீயில் இறங்கச் சொன்னான் என்ற அதிர்ச்சி தாங்காமல் அகலிகை மறுபடியும் கல்லாகிறாள்.

இரண்டு கதையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். புதுமைப்பித்தனுக்கு சாபம் என்பது மந்திரம் அல்ல, மனிதர்கள் ஒருவர்மேல் ஒருவர் வைக்கிற சந்தேகம். அதற்குப் பரிகாரம் எந்தக் கோயிலிலும் கிடைக்காது.

எழுதியவரின் வீடு எப்படி இருந்தது?

அந்த 1943-ல்தான் ஆசிரியர் டி.எஸ்.சொக்கலிங்கத்தோடு சேர்ந்து 'தினமணி'யை விட்டு வெளியேறினார். அடுத்து 'தினசரி'. அதுவும் நீடிக்கவில்லை. பணக் கஷ்டத்தால் கமலா பல காலம் திருவனந்தபுரத்தில் பிறந்த வீட்டிலேயே இருக்க வேண்டியிருந்தது. சென்னையிலிருந்து கணவர் எழுதிய கடிதங்கள் பின்னாளில் புத்தகமாகவே வந்தன. கமலாவும் கதை எழுதியவர் என்பது பலருக்குத் தெரியாது.

சினிமா கைகொடுக்கும் என்று நம்பினார். அம்மாவின் நினைவாக 'பர்வதகுமாரி' என்ற பெயரில் படக் கம்பெனி தொடங்கினார், கையைச் சுட்டதுதான் மிச்சம். எம்.கே.தியாகராஜ பாகவதரின் 'ராஜமுக்தி' படத்துக்கு வசனம் எழுத புனே போனார். திரும்பும்போது காசநோய் முற்றியிருந்தது. 1948-ல் திருவனந்தபுரத்தில் இறந்தபோது வயது 42. மகள் தினகரிக்கு அப்போது இரண்டு வயதுதான்.

எங்கிருந்து படிக்க ஆரம்பிக்கலாம்?

2002-ல் தமிழக அரசு அவருடைய படைப்புகளை நாட்டுடைமை ஆக்கியது. அதனால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. முதலில் 'காஞ்சனை', அடுத்து 'சாப விமோசனம்', பிறகு 'செல்லம்மாள்' என்ற வரிசை நல்லது. மூன்றாவதில் பேயும் இல்லை, சாபமும் இல்லை. சென்னையில் ஒரு ஜவுளிக்கடைச் சிப்பந்தியும், நோயில் கிடக்கும் அவர் மனைவியும் மட்டும்தான். ஆனால் மூன்றில் அதிகம் தூக்கம் கெடுக்கும் கதை அதுதான்.